கொங்காணிக்குள் இருப்பவன் ஆள்

செய்தி வந்தபோது திண்டிவனத்தில் என் ஆலையில் மல்லாட்டையை உடைத்துக் கடலையில் ஈரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்திலிருந்து ஏழுமலையின் மகள் அஞ்சலை போனில் பேசினாள். "அப்பா பூட்டாரு மாமா" என்றாள். ஆறுதலாக ஒரு வார்த்தை வந்திருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "எவன் வெட்டுனது?"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரும் வெட்டல மாமா. மத்தியானம் கூழு குடிச்சிட்டுப் படுத்தாரு. எழுந்துக்கல."

அவன் நினைவாக நான் எழுதும் இதைப் படிக்கப்போகும், அவனைத் தெரிந்த உங்களில் யாரும் இந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். கன்னத்தில் ஒன்று, தோளில் ஒன்று, தொடையில் ஒன்று என மூன்று வெட்டுத் தழும்போடு நடமாடியவன் படுக்கையில் சாவான் என்று நாம் யார்தான் நினைத்தோம்? கோபக்காரன், சட்டென்று கைநீட்டுகிறவன். செத்துவிட்டான் என்பதற்காக அதை மாற்றி எழுத மாட்டேன்.

1993இல் விழுப்புரத்தில் ஒரு தானிய மண்டிக்கு மூட்டை தூக்கப் போனேன். முதல் நாளே அவன் கையால் ஒரு பல்லை இழந்தேன். எண்பது கிலோ மூட்டையோடு ஒருவர் லாரிக்குச் சாய்த்திருந்த பலகையில் ஏறிக்கொண்டிருந்தார், நான் குறுக்கே ஓடினேன். அவர் தடுமாறினார், ஆனால் விழவில்லை. ஏழுமலை கையிலிருந்த மூட்டைக் கொக்கியின் கட்டைப் பக்கத்தால் என் வாயில் ஒரு அடி விட்டான். ரத்தத்தைத் துப்பிக்கொண்டு நின்ற என்னிடம், "கூர் பக்கம் உட்டிருந்தா தாடையே போயிருக்கும். திருப்பிப் புடிச்சேன் பாரு, அதான் மரியாத" என்றான். கொஞ்சம் கழித்து அவனே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "மூட்டைக்கு அடியில இருக்கறவனுக்குக் கண்ணு இல்லடா சேகரு. சுத்தி இருக்கறவன்தான் அவனுக்கும் சேத்துப் பாக்கணும்."

பிறகு நான் வியாபாரத்துக்கு வந்தேன், ஆலை வைத்தேன். அவன் மேஸ்திரியாகி, தன் ஆட்களோடு என் ஆலைக்கே மூட்டை தூக்க வந்தான். என்னை 'மொதலாளி' என்று கூப்பிட்டால் கிண்டல் செய்கிறான் என்று அர்த்தம்.

2016இல், மூடப்பட்ட ஒரு கம்பெனியிலிருந்து பழைய ரோபோ கை ஒன்றை வாங்கி வந்தேன். ஓடும் ரப்பர் பட்டையில் வரும் மூட்டையை இரும்பு விரல்களால் கவ்வித் தூக்கி அடுக்கும். அதைச் சுற்றி வேலி போட வேண்டும் என்றார்கள். வேலி போட்டால் கிழிந்த மூட்டையைத் தைக்க ஆள் உள்ளே போகும்போதெல்லாம் மிஷினை நிறுத்த வேண்டும். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. மேலே கேமரா வைத்து, செயற்கை நுண்ணறிவு போட்டால் அதுவே ஆளைக் கண்டு நின்றுகொள்ளும் என்று வெளியூர் விற்பனையாளர் ஒருவர் சொன்னார். சோதித்துப் பார்த்தோம். நான் போய் நின்றேன், கை நின்றது. வெள்ளைச் சட்டையும் வழுக்கைத் தலையுமாக நான் நின்றால் அதற்கு ஆளைத் தெரியத்தானே செய்யும்?

நம் ஆட்கள் வேலை செய்யும்போது எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கோணிப்பையின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகி, தலையிலிருந்து இடுப்புவரை தொங்கவிட்டிருப்பார்கள். அந்தக் கொங்காணி இல்லாமல் ஒருவரும் மூட்டைக்குத் தோள் கொடுப்பதில்லை. மூன்றாம் நாள் காலை, ஏழுமலையின் ஆட்களில் ஒருவனான முருகையன் பட்டையின் முனையில் குனிந்து உட்கார்ந்து, கோணி ஊசியால் ஒரு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தான். கேமராவுக்குத் தெரிந்தது ஒரு கோணி மட்டும்தான். கை இறங்கி அவனை இடுப்போடு கவ்வியது. விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் அலறலையும் மீறிக் கேட்டது. மூட்டையை வைக்கும் அதே பதனத்தோடு அவனை அடுக்கில் வைத்தது. நான் சிவப்புப் பொத்தானை நோக்கி ஓடி முடிப்பதற்குள் அடுத்த மூட்டையை எடுத்து அவன்மேல் அடுக்கிவிட்டது.

முருகையன் பிழைத்தான். ஆனால் மறுபடி மூட்டை தூக்கவில்லை.

அன்று ஏழுமலை கடப்பாரையை எடுத்தான். ரோபோவின் முழங்கையை அடித்துப் பிளந்தான். கேமராவை இழுத்துப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தான். தடுக்கப் போன என் முதுகிலும் ஒன்று விழுந்தது. "எங்கள மூட்டைன்னு நெனச்சிக்கினு இருந்தது மிஷினு இல்லடா, நீதான்" என்றான். போலீசுக்கு அவனும் போகவில்லை, நானும் போகவில்லை. இரண்டு பேர் மேலும் தப்பு இருந்தது, என்மேல் அதிகம்.

இனி அவன் இந்தப் பக்கம் வர மாட்டான் என்று நினைத்தேன். நாலாம் நாள் ஆட்களோடு வந்து நின்றான். அந்த ரோபோவை ரிப்பேர் செய்யச் சொன்னான்! நான் விழித்தேன். "எங்க முதுகெல்லாம் பார்றா. எவனாலயாவது நேரா நிக்க முடியுதா? அது தூக்கட்டும். எங்களத் தூக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றான்.

வளவனூரிலிருந்து நிர்மலா என்ற இன்ஜினியர் வந்தார். ஆளைத் தெரிந்துகொள்ள அந்தச் செயற்கை நுண்ணறிவுக்குக் காட்டியிருந்த படங்களில் எல்லாம் தொப்பி போட்ட, பேண்ட் போட்ட ஆட்கள்தான் இருந்தார்கள், கொங்காணி போட்ட ஒருவர்கூட இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார். அப்படியானால் கொங்காணியைக் கழற்றிவிட்டு வேலை செய்யட்டுமே என்றேன். ஏழுமலை என் பக்கம் திரும்பவே இல்லை. "எம்மா, எங்களயே படம் புடி. எப்பிடி எப்பிடி இருப்பமோ அப்பிடியெல்லாம் புடி" என்று அவரிடம் சொன்னான்.

அடுத்த சில வாரங்களுக்கு அவன்தான் முதல் மாடல். குனிந்து, உட்கார்ந்து, மூட்டைகளுக்கு நடுவே சுருண்டு படுத்து, பாதி முகம் தெரிய, முகமே தெரியாமல் என்று நிர்மலா படம் எடுத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு படத்திலும் எது ஆள், எது மூட்டை என்று குறித்து அதற்குக் கற்றுக் கொடுத்தார். திரையில் ஆளைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் வர வேண்டும், மூட்டைக்குப் பச்சை. ஒரு நாள் ஏழுமலையைச் சுற்றிப் பச்சை விழுந்தது.

"அண்ணே, உன்ன மூட்டைன்னு சொல்லுது. அதுவும் வாய் தெக்காத மூட்டை" என்றான் ஒருவன்.

"ஒங்கப்பன்டா மூட்டை!" என்று திரையைப் பார்த்துக் கையை ஓங்கினான் ஏழுமலை. ஓங்கியதும் கட்டம் சிவப்பாகிவிட்டது. "பாத்தியா, அடிக்க வந்தாதான் மனுசன்னு தெரியுது. மொதலாளி வாங்கின மிஷினாச்சே." அன்றைக்கு நிர்மலாகூட லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார்.

மிஷின் தேறியது. கொங்காணிக்குள் யார் இருந்தாலும் நின்றது. ஆனால் சந்தேகம் வந்தாலே நின்றது. வாய் தளர்ந்து நிமிர்ந்து நிற்கும் மூட்டையைக்கூட ஆளோ என்று நினைத்துக்கொண்டு நிற்கும். சீசன் நேரம், வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். சந்தேகத்தின் அளவைக் குறைக்கச் சொல்லி நிர்மலாவை நச்சரித்தேன். அவர் முடியாது என்றார். எங்கே மாற்றுவது என்று முன்பே கவனித்து வைத்திருந்தேன். நானே மாற்றிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் அதையே பார்த்தான். "நேத்து நின்ன எடத்துல இன்னிக்கி நிக்கலயே. நீ கை வச்சியா?"

"இல்ல" என்றேன்.

அவன் ஒரு கோணியை மடித்து என் தலையில் கவிழ்த்தான். பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய்ப் பட்டையின் முனையில் உட்கார வைத்தான். ஒரு கை என் கழுத்தில், மறு கை சிவப்புப் பொத்தானில். "பேஜாரு பண்ணாத. மாத்தலன்னா நிக்கும், பயமென்ன?" என்றான்.

கோணிக்குள் இருந்தால் சொந்தக் கால் மட்டும்தான் தெரியும். மோட்டார் சத்தம் நெருங்கி வந்தது. நான் மாற்றினேன், மாற்றினேன் என்று கத்தினேன். இரும்பு விரல் என் இடுப்பில் சட்டையைக் கிழித்துத் தோலையும் கிழித்த பிறகுதான் பொத்தானை அழுத்தினான். நான் மூத்திரம் போய்விட்டேன். ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோணியை எடுத்துவிட்டு ஓர் அறை விட்டான். அப்புறம் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கிழிந்த என் சட்டையை விலக்கிக் காயத்தைப் பார்த்தான். "மாத்து சேகரு, வேணாங்கல. ஆனா மாத்துனவன்தான் மொத ஆளா கொங்காணி போட்டுக்கினு உள்ள நிக்கணும். நின்னுட்டு, அப்பறம் எங்களக் கூப்புடு."

அன்றைக்கே அளவைப் பழையபடி வைத்தேன். அதற்குப் பிறகு ஒருவர்மேலும் அந்தக் கை பட்டதில்லை. என் மிஷின் மெதுவான மிஷின் என்று மற்ற ஆலைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அவனுக்குக் காரியம் முடிந்த வாரம் நிர்மலா புதிய புரோகிராமோடு வந்தார். "இது நல்லா தேறினதுண்ணே. தேவையில்லாம நிக்காது, ஆளையும் விடாது" என்றார். நல்ல பெண், பொய் சொல்லத் தெரியாதவர். நான் இரண்டு கோணிகளை மடித்தேன். ஒன்றை அவரிடம் நீட்டி, மற்றதை நான் போட்டுக்கொண்டு, "வாம்மா, நானும் கூட நிக்கறேன்" என்றேன்.

அவர் கோணியைப் பார்த்தார். உயர்ந்து நிற்கும் அந்த இரும்புக் கையைப் பார்த்தார்.

"அண்ணே, இன்னும் ரெண்டு நாள் டைம் குடுங்க. இன்னொரு தடவ பாத்துடறேன்."

அந்த ரெண்டு நாள்தான் ஏழுமலை எனக்கு விட்டுப் போனது.