நடந்ததற்குச் சாப்பிடலாமா?

மருத்துவமனை நடைபாதையில் எடை பார்க்கும் இயந்திரங்கள் இரண்டு உண்டு. ஒன்றில் என் கணவர் அருள் ஏறுவார், டயாலிசிஸ் (இயந்திரம் வழியாக இரத்தத்தைச் சுத்திகரித்தல்) தொடங்கும் முன். அவர் எடை கூடியிருந்தால் அது உடம்பில் தேங்கிய நீர். சில மணி நேரத்தில் டயாலிசிஸ் இயந்திரம் அதை எடுத்துவிடும். இன்னொன்றில் நான் ஏறுவேன். என் எடையை எடுக்க இயந்திரம் எதுவும் இல்லை.

என் சிறுநீரகம் ஒன்றை அவருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்திருந்தோம். இரத்த வகை பொருந்தியது, மற்றப் பரிசோதனைகளும் சரியாக இருந்தன. தடையாக நின்றது என் உடல் பருமன்தான்.

"வெயிட்ட குறைச்சிட்டு வாங்க, ஸ்டெல்லா. இந்த நிலமையில ஆபரேஷன் பண்ணா உங்களுக்கு ரிஸ்க்" என்றார் மருத்துவர்.

அருளின் உயிர் என் இடுப்புச் சதையில் மாட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. அந்த எண்ணம் ரொம்ப நாள் என்னை விடவில்லை. நீங்களும் யாருக்காகவோ இளைக்க வேண்டியிருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மகள் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். நடந்தால் எத்தனை கலோரி (உணவு தரும் சக்தியின் அளவு) எரிந்தது என்று காட்டும். தண்ணீர்மலைப் பக்கம் காலையில் நடக்கும் பெண்களோடு சேர்ந்துகொண்டேன். மலேசியாவில், எங்கள் பினாங்கில் இப்படிப்பட்ட நடை எல்லாம் ரொட்டி சானாய் (பரோட்டா போன்ற ரொட்டி) விற்கும் கடையில்தான் முடியும்.

"அதான் நடந்துட்டோமே அக்கா, சாப்பிடலாம் லா. எல்லாம் சரியாப் போயிடும்" என்பாள் கூட நடக்கும் ரீத்தா.

கடிகாரம் காட்டிய எண்ணை நம்பி நானும் மனம் உறுத்தாமல் சாப்பிட்டேன். இரண்டாவது ரொட்டிக்கும் அதில் இடம் இருந்தது. எடை அசையவே இல்லை.

பிறகு தவக்காலம் (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் கத்தோலிக்கர்கள் நோன்பிருக்கும் வாரங்கள்) வந்தது. எங்கள் வீட்டில் இறைச்சியை விடுவோம். நான் அதோடு நிற்கவில்லை. என் பசியையே அருளுக்காக ஒறுத்தலாக (தன்னை வருத்திச் செய்யும் தவமாக) ஒப்புக்கொடுத்தேன். நடந்ததற்குத் திரும்பச் சாப்பிட்டால், கடவுளுக்குக் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வது போல இருந்தது. காலையில் வெறும் கோப்பி, மதியம் கொஞ்சம் கஞ்சி, மாலையில் இன்னொரு நடை. எடை கடகடவென்று இறங்கியது. கோயிலில் பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். எனக்கோ எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, படியேறினால் தொடை நடுங்கியது. அதையும் ஒறுத்தலில் சேர்த்துக்கொண்டேன்.

எனக்குக் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் வேலை. ஒரு காலை ஃபெர்ரியில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டேன். கண் விழித்ததும் ஒரு மலாய் அம்மா என்னை நிமிர்த்தி உட்காரவைத்து இனிப்புத் தேநீர் கொடுத்தார். இந்தச் சீனிக்கு எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும் என்றுதான் முதலில் யோசித்தேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அடுத்த பரிசோதனையில் எடை, அவர்கள் கேட்ட அளவுக்கு வந்திருந்தது. ஆனால் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, அது திணறினால் இரத்தத்தில் கூடும்) ஏறியிருந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

அருளுக்கு நாள் முழுவதற்கும் சின்னப் போத்தல் தண்ணீர்தான் அனுமதி. அவர் பார்க்கக் குடிக்க மனம் வராமல், வீட்டில் நான் தண்ணீரைத் தொடுவதையே கிட்டத்தட்ட விட்டிருந்தேன். அவ்வளவு வேர்க்க வேர்க்க நடந்துவிட்டு வந்தும்.

"நீங்க கொடுக்கப் போற கிட்னியத்தான் காயப் போட்டிருக்கீங்க" என்றார். அதட்டவில்லை. அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தார். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

உணவு ஆலோசகர் மலரிடம் அனுப்பினார்கள். நடந்ததற்குச் சாப்பிடலாமா, கூடாதா என்று நேராகவே கேட்டேன்.

"வாட்ச் கூட்டித்தான் காட்டும் அக்கா. சும்மா உக்காந்திருந்தாலே எரியறதையும் சில வாட்ச் சேர்த்துக் காட்டும். அத நம்பி முழுசா சாப்பிட்டா வெயிட் இறங்காது. ஒண்ணுமே சாப்பிடலன்னா கொழுப்போட தசையும் போயிடும். சாதாரண நடைக்குத் தனியா எதுவும் வேணாம். மலை ஏறுன அன்னிக்கு மட்டும் வாட்ச் காட்டுறதுல பாதி திருப்பிச் சாப்பிடுங்க. முட்டை, மீன், கச்சான் (வேர்க்கடலை)."

"ரொட்டி சானாய்?"

"எப்பவாச்சும் லா" என்று சிரித்தாள்.

இது என் உடம்புக்குச் சொன்னது. உங்கள் உடம்புக்கு உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கிரியேட்டினின் பழைய நிலைக்கு வந்துவிட்டது. வேளைக்குச் சாப்பிடத் தொடங்கியதும் எடை கொஞ்சம் ஏறி, இப்போது மெல்ல இறங்குகிறது. அறுவை சிகிச்சைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு காலையும் எனக்குத் தேர்வு எழுதுவது போல விடியும். இப்போது ஒரு டயாலிசிஸிலிருந்து அடுத்த டயாலிசிஸ் வரை என்று காலம் நீண்டு கிடக்கிறது. இரண்டு பேருக்கும் களைப்புதான்.

ஆனாலும் தண்ணீரை மட்டும் சமையலறையில் ஒளிந்துதான் குடித்துவந்தேன். ஒருநாள் நடந்துவிட்டு வந்து குடித்துக்கொண்டிருந்தபோது அருள் வந்துவிட்டார். குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"எதுக்கு ஒளியிற? இப்படி வந்து உக்காரு."

"உங்க முன்னாடி எப்படிங்க குடிக்கிறது?"

"முழுசா குடி, ஸ்டெல்லா. உள்ள இருக்கிற ரெண்டு கிட்னியில ஒண்ணு என்னோடது லா."

மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து குடித்தேன். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். குவளை காலியானதும் அவரே எழுந்துபோய் இன்னொரு முறை நிரப்பிக்கொண்டு வந்து வைத்தார்.