ஒருநாள் விசாவில் மணற்குடா

மணற்குடாவுக்கு எப்படிப் போவது என்று எழுதச் சொல்லி இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பலர் கேட்டிருந்தீர்கள். எல்லைப் பாலத்தை எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் திறந்துவிட்டு இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. எந்த பஸ், எவ்வளவு காசு, உள்ளே தங்க விடுவார்களா என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாமல் இருக்கிறது. ஆனால் நான் போனது ஊர் பார்க்க அல்ல. அமுதாவுக்குப் பிள்ளை பிறக்க நாள் நெருங்கியிருந்தது. அவளுடைய தாய் தேவகி போன வருடம் இறந்துபோனாள். "உம்மா, ஒருக்கா வந்துட்டுப் போவீங்களா?" என்று அமுதா போனில் கேட்டாள். அதற்குப் பிறகு சாய்ந்தமருதில் உட்கார்ந்துகொண்டு எனக்கு என்ன வேலை?

அமுதா நான் பெற்ற பிள்ளை அல்ல. போர் முடிந்த நேரம் நாங்கள் வரிப்பத்தான்சேனையிலிருந்து இடம்பெயர்ந்து, திருக்கோவிலுக்குத் தெற்கே களப்புக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணல் திட்டில் போட்ட முகாமில் இருந்தோம். தமிழ் ஆட்கள், முஸ்லிம் ஆட்கள் என்று பார்க்காமல், வந்த வரிசைப்படி கூடாரம் கொடுத்தார்கள். எனக்கு அடுத்த கூடாரம் தேவகிக்கு. அவளுடைய கணவர் போரிலேயே காணாமல் போயிருந்தார். என் மகன் அஸ்லம் அந்தக் கூடாரத்தில்தான் பிறந்தான். அமுதா அவனுக்குக் கொஞ்சம் மூத்தவள், அவளும் கைக்குழந்தைதான்.

தேவகிக்கு மஞ்சட்காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். முகாமில் கொடுத்த பால்மா அமுதாவுக்கு ஒத்துவரவில்லை, குடித்ததெல்லாம் வயிற்றோட்டமாகப் போனது. அவள் என் கண்முன் வாடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நானே பால் கொடுத்தேன். தேவகி உடம்பு தேறித் திரும்பி வந்தபோது அமுதா அவளிடம் போக மறுத்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். தேவகியும் அழுதாள், நானும் அழுதேன். தேவகிக்கு அதற்குப் பிறகு பால் ஊறவேயில்லை. அதனால் நாங்கள் அந்த முகாமை விட்டுப் புறப்படும்வரை அமுதா என் மடியில்தான் வளர்ந்தாள். எங்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவளும் தாய்தான்.

என் கணவரின் குடும்பத்துக்குச் சாய்ந்தமருதில் ஒரு வளவு இருந்தது, நாங்கள் வெளியேறினோம். தேவகிக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவள் வயல் இருந்த பக்கம் காடாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அடுத்த வருடம் ஊருக்கு அனுப்புவோம் என்று சொல்லிச் சொல்லியே பல வருடங்கள் போயின. இதற்கிடையில் முகாமுக்குள்ளே பள்ளிக்கூடம் வந்தது, சந்தை வந்தது, சண்டை தீர்க்க ஆள் வந்தது. தண்ணீர் முறை பார்க்கப் போட்ட குழுவே மெல்ல மெல்ல எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கியது. போருக்குப் பிறகு நடந்த பேச்சுவார்த்தையில் இரண்டு பக்கமும் இந்த மக்களைப் பொறுப்பெடுக்கத் தயங்கியதால், மணல் திட்டு சில காலம் வெளிநாடுகளின் பொறுப்பில் விடப்பட்டது. காலம் முடிந்ததும் அங்கிருந்தவர்களிடமே வாக்குக் கேட்டார்கள். இருக்கிற இடத்திலேயே இருக்கிறோம் என்றார்கள். அப்படித்தான் முகாம் நாடானது. மணற்குடா என்று பெயரும் வந்தது. பாலமும் மூடப்பட்டது.

இனிப் பயணம். காலை ஆறு மணிக்குச் சாய்ந்தமருதில் பொத்துவில் பஸ் ஏறினேன். காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று ஒவ்வொரு ஊரிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, அக்கரைப்பற்றில் தேநீருக்கு நின்று, ஆடி அசைந்துதான் போகும். பாலத்தடிச் சந்தி வரை சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். முன்னூறு ரூபாய்க்குள் டிக்கெட். கடல் பார்க்க ஆசையென்றால் இடது பக்க இருக்கை பிடியுங்கள், ஆனால் காலையில் வெயில் முகத்தில் அடிக்கும். கொண்டக்டரிடம் மணற்குடா என்றால் விளங்காது.

"கேம்புக்கா ராத்தா?" என்றார்.

"ஓம், மணற்குடாவுக்கு."

"அதுதான் கேம்ப்."

திருக்கோவிலைக் கடந்து கொஞ்ச நேரத்தில் "கேம்ப் இறங்குற ஆக்கள் வாங்க" என்று கத்தி என்னை இறக்கிவிட்டார். பாலத்தில் வாகனம் போகாது. களப்பின் மேலே பத்து நிமிட நடை. நிழலே இல்லை, குடை கொண்டுபோங்கள். நான் ஒரு கையில் குடையும் மறு கையில் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத் தூள் பொதியுமாக நடந்தேன். களப்பில் இரண்டு பேர் கழுத்தளவு தண்ணீரில் நின்று இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எந்த நாட்டுத் தண்ணீரில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, அவர்களும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மறுகரையில் ஒரு சின்ன அலுவலகம். விசாக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு, எங்கள் ரூபாய்தான் அங்கேயும் ஓடுகிறது. மேசையில் இருந்த பொடியனுக்கு என் மகனின் வயது இருக்கும்.

"யாரைப் பார்க்கப் போறீங்க?"

"என்ட மகளை."

"பேர்?"

"அமுதா. தேவகி அமுதா." அங்கே எல்லோருக்கும் தாயின் பெயர்தான் முன்னால் வரும். நாடு தொடங்கியபோது தகப்பன்மார் பலர் காணாமல் போயிருந்தார்கள், அதனால் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அவர் என் முக்காட்டையும் கடவுச்சீட்டில் என் பெயரையும் பார்த்தார். "நீங்க றிஸானா. தாய்ட பேர் தேவகி எண்டு சொல்றீங்க."

"பெத்தவ தேவகி. பால் குடுத்தது நான்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுக்கு இஞ்ச சட்டமிருக்கு உம்மா. கேம்ப் காலத்தில கனபேர் அப்படித்தான் வளர்ந்தவங்க. பால் உறவெண்டா ஏழு நாள் நிக்கலாம். ஆனா நீங்க வளர்த்ததைக் கண்ட ஆக்கள் ரெண்டு பேர் வந்து சொல்லணும். இல்லாட்டி ஒருநாள் விசாதான், பின்னேரம் ஆறு மணிக்குக் கேற் மூடிருவம்."

வாசலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்த அமுதாவைக் காணவில்லை. போனும் எடுக்கவில்லை. ஒருநாள் விசாவையே வாங்கிக்கொண்டு ஒரு ஆட்டோ பிடித்தேன். நாடு முழுக்க வடக்கே இருந்து தெற்கே போக ஆட்டோவில் கால் மணி நேரம் போதும். தெருக்களுக்கு இன்னும் கூடார வரிசைகளின் பெயர்தான். அமுதாவின் வீடு டி லைனில். நாங்கள் இருந்த அதே வரிசை. கூடாரம் இருந்த இடத்தில் இப்போது ஓட்டு வீடும் ஒரு முருங்கை மரமும். கதவு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "புள்ளைக்கு விடியவே வலி எடுத்திட்டு கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன. புருஷன் ஆழ்கடலுக்குப் போயிட்டான், நாளைக்கு மறுநாள்தான் வருவான். நீங்க ஆர்?" சொல்லிக்கொண்டே கிட்ட வந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "றிஸானா! அல்லாஹ்வே, நீ எவ்வளவு கொழுத்துப் போனாய்!"

மைமூன் ராத்தா. எங்களுக்கு நேர் எதிர்க் கூடாரத்தில் இருந்தவள், எனக்கு அக்கா மாதிரி. கட்டிப்பிடிக்கக்கூட நேரமில்லாமல் அதே ஆட்டோவில் அவளையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பாலம் மூடிய பிறகு அமுதாவைப் போன் திரையில்தான் பார்த்திருக்கிறேன். கட்டிலில் வியர்த்துக் கிடந்தவளின் கையைப் பிடித்ததும்தான் அது தேவகியின் கை என்று தெரிந்தது, அதே நீண்ட விரல்கள். அவள் கண்ணைத் திறந்து, "வந்திட்டீங்களா?" என்றாள். பிறகு வலியில் என் விரல்களை நசுக்கினாள். வலி விட்ட நேரங்களில் கதைத்தாள். அவளுக்குப் பிள்ளை பெறுவதைவிட வேறொன்றில்தான் பயம்.

"அம்மாக்குப் பால் இல்லாமப் போச்சு. எனக்கும் இல்லாட்டி? அப்ப நீங்க இருந்தீங்க. இப்ப ஆர் இருக்கா?"

"நான் இஞ்சதானே இருக்கன் மகள்," என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் ஆறு மணி ஞாபகம் வந்தது.

மத்தியானம் கடந்தது. இன்னும் நேரம் எடுக்கும் என்று மருத்துவிச்சி சொன்னார். நாலு மணிக்கு நான் மைமூன் ராத்தாவிடம் விசா விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதை வந்தவுடன சொல்லியிருக்கப்படாதா? நான் கண்டனான்தானே. இன்னொரு ஆள்தானே வேணும்? எழும்பு, சிவலிங்கத்தாரிட்டப் போவம்."

சிவலிங்கத்தார் அந்த நாளில் தண்ணீர் பவுசர் வண்டி வந்தால் வரிசை ஒழுங்குபடுத்துகிறவர். ஒரு தடியும் ஒரு விசிலும் வைத்திருப்பார். எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். "அவர் இப்ப தண்ணி அமைச்சர்" என்றாள் ராத்தா. பழைய நிவாரணக் களஞ்சியம்தான் பாராளுமன்றம். அமைச்சர் அதன் பின்பக்கத்தில் ஒரு குழாயின் கசிவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் கேட்டதும் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நாங்கள் ஆட்டோவில், அவர் சைக்கிளில்.

வாசலில் அந்தப் பொடியன் அமைச்சரைக் கண்டு எழுந்து நின்றார்.

"இரு தம்பி," என்றார் சிவலிங்கத்தார். "இந்தப் புள்ள தண்ணி வரிசையில ரெண்டு குழந்தையோட நிக்கும், ஒரு தோளுக்கு ஒண்டு. ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வாளிதான் எண்டு எல்லாரும் சண்டை. ரெண்டு குடும்பத்துக் கணக்கில நாலு வாளி குடுத்தது நான்தான்."

மைமூன் ராத்தாவுக்குப் பொறுமை இல்லை. "அமுதாக்குக் குடுக்கக்குள்ள இவட மகன் போடுற சத்தம் இருக்கே! என்ட பங்கை ஆரோ திண்டிட்டாங்க எண்ட மாதிரி அழுவான். டி லைன் ஒரு நாளும் ஒழுங்கா நித்திரை கொள்ளல்ல."

பொடியன் சிரித்துவிட்டார். பிறகு என் ஒருநாள் விசாவைக் கோடு கிழித்து வெட்டி, புதிதாக ஒன்றை எழுதினார். உறவு என்ற இடத்தில் பால் என்று ஒன்றும் போடவில்லை. தாய் என்று மட்டும் எழுதி முத்திரை குத்தினார். நான் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அமைச்சர் குழாய் கசிகிறது என்று திரும்பிப் போய்விட்டார்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. கறுகறுவென்று தலைமயிர். முதலில் என் கையில்தான் தந்தார்கள். அமுதா சிரித்தாள், உடனே பயந்தாள். முதல் நாள் பால் இல்லை. இரண்டாம் நாள் பிள்ளை உறிஞ்சும், ஒன்றும் வராது, முகம் சிவக்க அழும். அமுதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தாதிமார் பொறுங்கள் என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். சரக்குத் தூள் போட்டுக் கறி வைத்துக் கொடுத்தேன். முதுகைத் தடவிவிட்டேன். பிள்ளையைத் தூக்கித் தூக்கி அவள் நெஞ்சில் போட்டேன். "பால் வராட்டியும் நீதான் அவக்குத் தாய்," என்றேன். "உன்ட அம்மாட்ட ஒரு சொட்டுப் பால் இருக்கல்ல. நீ அவவை விட்டுட்டு என்னோட வந்தியா?"  அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள், பிள்ளையை அணைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை, நான் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தபோது அறை அமைதியாக இருந்தது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தது. அமுதா அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் என்னைக் கூப்பிட்டாள். அவள் சட்டையின் மறுபக்கமும் நனைந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். தேநீர் ஆறிப்போனது.

அன்று மத்தியானம் மருமகன் சுதன் கடலிலிருந்து நேரே வந்தார். பிள்ளையைத் தொட வெட்கப்பட்டுக் கையை மூன்று தடவை கழுவினார். பால் ஊற நல்லதென்று அவர் கொண்டுவந்த பால்சுறா மீனில் நான் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தேன். பிள்ளைக்குத் தேவகி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஒருநாள் பயணம் என்றால் காலை ஒன்பதுக்கு முன் பாலத்தடிக்கு வந்துவிடுங்கள். திரும்பும்போது கல்முனைக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்குள் சந்தியைக் கடந்துவிடும். தங்குமிடம் என்று ஒன்றுமில்லை, யாராவது வீட்டில் பாய் தருவார்கள், காசு வாங்க மாட்டார்கள், அதனால் அரிசியோ சீனியோ கொண்டுபோங்கள். தூள் எதுவும் கொண்டுபோனால் பொதியை ஒட்டாதீர்கள், பிரித்துப் பார்ப்பார்கள். உள்ளே சொந்தக்காரர் யாராவது இருந்தால், எந்த வகைச் சொந்தமானாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அங்கே அதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

இன்னும் ஒன்று. அங்குள்ளவர்களிடம், ஊருக்குத் திரும்பிப் போக ஆசையில்லையா என்று கேட்காதீர்கள். கடைசி நாள் மாலை முருங்கை மரத்தடியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் அதை அமுதாவிடம் கேட்டுவிட்டேன். அவள் பிள்ளையின் வாயோரம் வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"எந்த ஊருக்கு உம்மா?" என்றாள். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள்.