மரவள்ளி மாவில் முன்னோரைக் கண்டவர்

டிபாங்கோயியைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. காபோன் நாட்டின் மிமோங்கோ மலைப்பக்கம் அவரைப்போல யாழ் வாசிக்க ஆளில்லை என்பது ஒன்று. அவரைப்போலச் சோம்பேறி இல்லை என்பது மற்றொன்று. இரண்டையும் உரக்கச் சொல்லிவந்தவர் ஒருவரே, அவருடைய மனைவி ஒர்த்தான்ஸ்.

வேர் தின்னும் சடங்கு நடக்கும் இரவுகளில் அவர் கோயில் கொட்டகையின் நடுத்தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு நரம்பு யாழை மடியில் வைத்துக்கொள்வார். விடியும்வரை எழுந்திருக்க மாட்டார். புதிதாகத் தீட்சை பெறுகிறவன் உடம்பெல்லாம் வெள்ளை மண் பூசிக்கொண்டு, இபோகா வேரின் பட்டையைக் கசக்கக் கசக்க மென்று, பாயில் சாய்ந்து, செத்தவர்களைப் பார்க்கப் போவான். போன இடத்திலிருந்து அவனைத் திரும்பக் கூட்டிவருவது யாழ். அதனால் விதி கடுமையானது. அந்த வழியைத் தன் கண்ணால் பார்த்தவன் மட்டுமே யாழைத் தொடலாம்.

டிபாங்கோயி எதையும் பார்த்ததில்லை.

அவருடைய தீட்சையன்று நடந்தது இது. நிறையத் தின்றார், நிறைய வாந்தி எடுத்தார், காது இரைந்தது, கால் மரத்தது. முன்னோர் யாரும் வரவில்லை. பெரியவர்கள் குனிந்து, "என்னடா தெரியுது?" என்று கேட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் இன்னும் ஊட்டுவார்கள். அளவு தாண்டினால் நெஞ்சு நின்றுபோகும் என்பது ஊரறிந்தது. மூன்றாவது முறை கேட்டபோது அவருக்குத் திடீரென்று தெரிய ஆரம்பித்தது. ஆறு தெரிந்தது, ஆற்றங்கரையில் கொள்ளுத்தாத்தா தெரிந்தார், அவர் பேரன்களைப்பற்றிச் சொன்ன குறைகள் தெரிந்தன. அந்தக் குறைகளை ஊர்ப் பெண்கள் துணி துவைக்கும் இடத்தில் யார் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். பெரியவர்கள் கண்கலங்கினார்கள். யாழ் அவர் கைக்கு வந்தது. வந்த பிறகு அதை அவர் நேசித்துவிட்டார், அதுதான் சிக்கல். பொய்யில் கிடைத்த பதவியை யாரும் உண்மையாக உழைத்துக் காப்பாற்றுவதில்லை என்பார்கள். இவர் காப்பாற்றினார்.

அந்த வேரின் கதையும் கிட்டத்தட்ட இவர் கதைதான், நேராக எதுவும் நடந்ததில்லை. பாதிரியார்கள் வந்து இது சாத்தானின் வேர் என்று கோயில்களைக் கொளுத்தினார்கள். அதே காலத்தில் அவர்களுடைய சொந்த நாட்டில், மருந்துக்கடைகளில், இதே வேரின் சாற்றை மாத்திரையாக்கி, களைத்துப்போன குமாஸ்தாக்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் விற்றார்கள். பிறகு நியூயார்க்கில் ஹெராயினுக்கு அடிமையான ஓர் இளைஞன், போதைக்குப் புது வழி தேடி இதை விழுங்கினான். மறுநாள் ஹெராயின் ஆசையே போய்விட்டது என்றான். போதை தேடிப் போய்ப் போதையை இழந்த ஒரே ஆள் அவனாகத்தான் இருக்கும். சில வருடங்களில் அமெரிக்கா இதைத் தடை செய்தது. எங்கள் காபோன் அரசோ தேசியச் சொத்து என்று அறிவித்தது. சொத்து என்று அறிவித்ததும் திருடர்கள் காட்டுக்குள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் விஞ்ஞானிகள் வந்தார்கள்.

எங்களுக்கு வாய்த்த விஞ்ஞானி டாக்டர் எயேகே. தலைநகர் லிப்ரவில்லிலிருந்து வந்தார், ஃபாங் இனத்தவர். நாங்கள் சொகோ இனம். இந்தச் சடங்கை எங்களிடம் கற்றுக்கொண்டவர்கள் ஃபாங்குகள். அதை எங்கள் கோயில் தலைவர் புசுகு அவருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே நினைவூட்டிவிட்டார்.

"வாங்க டாக்டர். எங்ககிட்டேர்ந்து வேரைக் கொண்டுபோய் அதுல ஏசுநாதரையும் சேர்த்துக்கிட்டீங்க. இப்ப மெஷினையும் சேர்க்க வந்திருக்கீங்களா?"

"ஏசுநாதருக்குக் கரண்ட் தேவையில்ல தாத்தா. இதுக்கு வேணும். ஜெனரேட்டர் இருக்கா?"

அவருக்கு வேண்டியது ஒரு ஆள். வேர் தின்றால் நிச்சயமாகக் காட்சி காண்கிற ஆள். அந்த ஆளின் தலையில் கம்பிகள் வைத்த தொப்பியை மாட்டி, மூளைக்குள் என்ன நடக்கிறது என்று படம் எடுக்க வேண்டும். புசுகு ஊரார் முன்னிலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரே பெயரைச் சொன்னார். டிபாங்கோயி அவசரமாகத் தனக்கு நெஞ்சு வலி என்றார். டாக்டர் அங்கேயே மெஷினை வைத்துப் பார்த்து, "இருபது வயசுப் பையன் நெஞ்சு மாதிரி இருக்கு ஐயா" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். டாக்டருக்கு எங்கள் மொழி வராததால் அவர் வந்ததிலிருந்தே பேச்செல்லாம் என் மொழிபெயர்ப்பில்தான் நடந்தது. அவர் நிபந்தனைகளை ஒளிக்காமல் சொன்னார். இரண்டு நாள், இரண்டு மாத்திரை. ஒன்றில் வேரின் சத்து, இன்னொன்றில் வெறும் மாவு. எது எந்த நாள் என்று மாத்திரை கொடுக்கிற அவருக்கே தெரியாது. அந்த விவரத்தை எழுதி லிப்ரவில்லில் ஓர் உறையில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், மூன்றாம் நாள்தான் பிரிக்கலாம்.

"தெரியாம எதுக்குக் கொடுக்கணும்?" என்றார் புசுகு.

"தெரிஞ்சா மனசு ஏமாத்தும் தாத்தா."

"யாரோட மனசு?"

"என்னோடதுதான்."

புசுகுவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. பிடிக்காதது பகலில் நடத்துவது. முன்னோர்கள் அந்நேரம் தூங்குவார்கள் என்றார். ஜெனரேட்டர்காரனும் ராத்திரியில் தூங்குவான் என்றார் டாக்டர். முன்னோர் விட்டுக்கொடுத்தார்கள்.

டிபாங்கோயி அன்று மாலை என்னோடு ஆற்றுப்பக்கம் நடந்து வந்தார். முகத்தில் கவலை இல்லை, கணக்குத்தான் ஓடியது.

"வாத்தியாரே, வீட்டுக்கு வர்றவனுக்கு நாம முதல்ல எதை வைப்போம்?"

"இருக்கறதுல நல்லதை."

"மட்டமானதை முதல்ல நீட்டுனா?"

"அவன் அதோட எழுந்து போயிடுவான்."

"அப்ப சரி" என்றார். இது எதற்கு என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. எங்கள் மலையில் எவனும் நல்ல கள்ளை இரண்டாவதாக ஊற்ற மாட்டான், அது அவமானம். தலைநகரத்திலிருந்து இவ்வளவு பெரிய மெஷினைத் தூக்கிவந்தவர்கள் முதல் நாள் மாவைக் கொடுப்பார்களா என்ன?

முதல் நாள் டிபாங்கோயி பறந்தார். ஊர் மருத்துவமனைக் கட்டிலில், தொப்பியும் கம்பிகளுமாகப் படுத்து, ஆற்றைக் கடந்தார், கண்ணாடி போன்ற பாதையில் நடந்தார், முதல் தாயும் முதல் தந்தையும் உட்கார்ந்திருக்கும் மரத்தடிக்கே போய்விட்டார். புசுகுவின் செத்துப்போன அண்ணன் அங்கே இருந்தார். தம்பி கோபத்தைக் குறைத்துக்கொள்ளணும் என்று சொல்லியனுப்பினார். ஜன்னலில் நின்ற புசுகு மூக்கைச் சிந்தினார். "அவனேதான். இதேதான் சொல்லிட்டே இருப்பான்." மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இரண்டாம் நாள் அவருக்குக் குமட்டியது. நேற்று ராத்திரி தின்ற கருவாட்டின் மேல் பழியைப் போட்டார். காட்சி என்ன என்று கேட்டபோது, ருசி தெரிந்தவன் முகத்தோடு சிரித்தார்.

"டாக்டர் தம்பி, இது மாவு. மரவள்ளி மாவு. என்னை யாருன்னு நெனச்சீங்க?"

ஜன்னலில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள் உறையைப் பிரித்தார் டாக்டர். படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். அதை எங்கள் மொழியில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதல் நாள் கொடுத்தது மாவு. இரண்டாம் நாள் கொடுத்தது வேர்.

"மரவள்ளி மாவா?" என்றார் புசுகு.

"மரவள்ளிதான் தாத்தா."

ஒர்த்தான்ஸ் வாசலில் நின்றபடியே சொன்னாள். "கல்யாணமான நாள்லேர்ந்து இந்த ஆளுக்கு மரவள்ளிதான் ஆக்கிப் போடறேன். ஒரு நாளும் மேல போனதில்ல. தின்னுட்டுப் பாயிலதான் விழுவார்."

டாக்டர் ஒருவருக்குத்தான் சந்தோஷம். சிலருடைய ஈரல் இந்த மருந்தை வேறு மாதிரி உடைத்துக் காட்சி வராமல் செய்யலாம், இருக்கலாம், இல்லாமலும் போகலாம், யாருக்கும் சரியாகத் தெரியாது, இப்படி ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். ஊரே காறித்துப்பத் தயாராக இருந்த மனிதரின் கையைப் பிடித்து நன்றி சொல்லி, ஒரு குப்பி ரத்தமும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பெரியவர்கள் சபையில் கூடினார்கள். டிபாங்கோயி நடுவில் யாழோடு நின்றார். அதை இறக்கி வைக்கச் சொல்லித்தான் கூட்டம்.

"நேராக் கேக்கறேன்" என்றார் புசுகு. "எப்பவாவது பாத்திருக்கியா?"

"இல்ல."

"உன் தீட்சை அன்னிக்கு?"

"அன்னிக்கும் இல்ல. நீங்க விட்டா இன்னும் ஊட்டியிருப்பீங்க."

"எங்கண்ணன் சொன்னது?"

"அது உங்க வீட்டுல எல்லாரும் சொல்றதுதானே, தாத்தா."

பின்வரிசையில் யாரோ இருமினார், அல்லது சிரித்தார். புசுகு திரும்பிப் பார்த்ததும் இருமல்தான் என்று ஆனது.

விதியில் சந்தேகமில்லை, பார்க்காதவன் தொடக்கூடாது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருடம் இவர் யாழ் கேட்டுத்தானே இங்கிருக்கிற முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்தார்கள் என்றார் ஒருவர். இவர் வழி தப்பு என்றால் நாம் வந்து சேர்ந்த இடம் எது என்று கேட்டார் இன்னொருவர். அந்தக் கேள்வியை யாரும் தொட விரும்பவில்லை. நெடுநேரம் பேசி ஒரு தீர்ப்புக்கு வந்தார்கள். டிபாங்கோயி முதலிலிருந்து மறுபடி தீட்சை வாங்க வேண்டும். பொடியன்களோடு வரிசையில் நின்று, ஆற்றில் முங்கி, வெள்ளை மண் பூசிக்கொண்டு, பார்க்கும்வரை தின்ன வேண்டும். பார்க்காவிட்டால் யாழ் போய்விடும்.

எல்லோருக்கும் திருப்தி. கலையப் போனார்கள்.

"ஒரு சந்தேகம்" என்றார் டிபாங்கோயி, மிகப் பணிவாக. "நான் பாயில படுத்துட்டா அன்னிக்கு யாழ் யாரு வாசிப்பா?"

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஊரில் வேறு யாழ்காரர் இல்லை. பக்கத்து ஊர்க்காரரைக் கூப்பிடுவதா? அவர்களோடு எல்லைத் தகராறு, கூப்பிட்டால் தகராறில் தோற்றதாக அர்த்தம். ஃபாங் ஒருவரைக் கூப்பிடலாமே என்று யாரோ சொல்லிவிட்டு, புசுகுவின் முகத்தைப் பார்த்து வாபஸ் வாங்கினார்.

"அப்ப ஒருத்தனுக்குக் கத்துக்குடு" என்றார் புசுகு. "அவன் தேறினதும் உனக்குத் தீட்சை. அதுவரைக்கும் வாசி. கத்துக்குடுக்கத் தொட்டுத்தானே ஆகணும்."

"உத்தரவு. ஆளை நான் தேர்ந்தெடுக்கலாமா?"

"முறைப்படி பார்த்தவனா இருக்கணும். அவ்வளவுதான்."

டிபாங்கோயி சபையைச் சுற்றி நிதானமாகப் பார்த்தார். யோசிப்பதுபோல மோவாயைத் தடவினார். கடைசியில் தன் மைத்துனர் செராஃபினைத் தேர்ந்தெடுத்தார். செராஃபின் ஓய்வுபெற்ற சுங்கத்துறை அதிகாரி, யோக்கியமானவர், தீட்சையில் தன் வம்சத்தையே வரிசையாகக் கண்டவர். கோயிலில் எல்லோரும் கைதட்டும்போது இவர் கைகள் இடைவெளி பார்த்துத் தட்டும். தாளத்தை அவ்வளவு துல்லியமாகத் தவறவிட ஒரு வரம் வேண்டும்.

"மச்சான், என்னையா?" செராஃபினுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இவ்வளவு நாள் நான் உன்னை நெனச்சிருந்ததெல்லாம் தப்பு."

"ரத்தத்துல இருக்கு மச்சான் உனக்கு."

ஒர்த்தான்ஸ் மேல்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

பாடம் தினமும் மாலையில் நடக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குக் கேட்கும். டிபாங்கோயி சோம்பேறி என்று இப்போது ஒர்த்தான்ஸ் சொல்வதில்லை. இவ்வளவு பொறுமையான வாத்தியாரை நானும் பார்த்ததில்லை. செராஃபின் தப்பாக மீட்டினால் திருத்துவதில்லை, பாராட்டுகிறார். மழைக்காலம் முடிந்து, தீட்சை நடக்கும் வறண்ட மாதங்கள் வரும்போதெல்லாம் புசுகு தடியை ஊன்றிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்.

"இந்த வருஷமாவது தேறிடுவானா?"

டிபாங்கோயி யாழைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு, நரம்பை முறுக்கிச் சுருதி சேர்த்தபடியே சொல்வார்:

"நல்லா வர்றார் தாத்தா. முதல் நரம்பு பிடிபட்டுடுச்சு. அவசரப்படுத்தினா கெட்டுப்போகும்."