தம்பிஐயா சொன்ன ‘உவன்’

கொக்குவில் தம்பிஐயாவுக்கு இரண்டு தொழில்கள் இருந்தன. பகலில் அச்சுக்கூடமொன்றில் எழுத்துக் கோர்ப்பார். மாலை ஆறரை மணிக்கு, மருதனார்மடச் சந்திக்கருகே கூடாரம் அடித்திருந்த பயஸ்கோப்பில் திரைக்குப் பக்கத்தில் பிரம்புடன் நின்று படத்துக்கு விளக்கம் சொல்வார். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதாம் ஆண்டு அது. படங்கள் இன்னும் பேசத் தொடங்கவில்லை. திரையில் வரும் ஆங்கில வரிகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் கூடாரத்துக்குள் ஆறேழு பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள்.

தம்பிஐயா அந்த வரிகளை வாசிப்பதோடு நிற்கமாட்டார். முகத்தைப் படிப்பார். “உதடு துடிக்குது பாருங்கோ. பயத்திலை துடிக்கேல்லை, ஆசையிலை துடிக்குது” என்பார். மனிதருடைய மனம் முகத்தில் எழுதிக் கிடக்கிறது, தனக்கு அந்த எழுத்துத் தெரியும் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். சனமும் நம்பியது.

மாசி மாதம் ஏழாந் திகதி, வெள்ளிக்கிழமை, ஒரு கொலைப்படம் வந்தது. பணக்காரக் கிழவி ஒருத்திக்கு யாரோ தினமும் பாலில் சிறிது சிறிதாக நஞ்சு கலக்கிறார்கள். வீட்டுக்கு வந்து போகும் டொக்டர் ஒருவர் இருக்கிறார். நல்ல உடுப்பு, இனிமையான சிரிப்பு. தோட்டக்காரன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு ஒரு கண் பாதி மூடியபடி. நஞ்சு கலந்தது டொக்டர்தான். அது கடைசிச் சுருளில்தான் தெரியவரும். அதுவரைக்கும் சனம் தோட்டக்காரனைச் சந்தேகித்துக்கொண்டிருக்க வேண்டும். படத்தில் அந்தத் தோட்டக்காரன் மூன்று தரம் யன்னலடியில் வந்து நிற்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மிச்சமெல்லாம் தம்பிஐயாவின் வாய் செய்த வேலை.

வெள்ளிக்கிழமை அவர், “அவன்ரை கண்ணைப் பாருங்கோ” என்றார். சனம் பார்த்தது, பயந்தது. ஆனாலும் கூடாரத்தை நடத்திய கனிசியசுக்குத் திருப்தி இல்லை.

“அண்ணை, பயம் துணியிலைதான் நிக்குது. சனத்துக்குள்ளை இறங்க வேணும்.”

“இறக்கிப்போட்டால் போச்சு” என்றார் தம்பிஐயா.

மறுநாள் சனிக்கிழமை, திரைக்கு முன்னால் விரித்திருந்த முன்பாயில் இணுவில் அடைக்கலநாதன் இருந்தார். வேலி அடைக்கிறவர். பதினொரு வயதில் பனைமட்டை ஒன்று விழுந்து அவருடைய வலக்கண் இமை பாதியில் நின்றுபோயிருந்தது. திரை வெளிச்சம் அந்த முகத்தில் விழுவதைத் தம்பிஐயா பார்த்தார். தோட்டக்காரன் யன்னலடிக்கு வந்தான். பிரம்பு திரைக்குப் போகவில்லை.

“உவன்ரை கண்ணைப் பாருங்கோ. உவன்தான்.”

தூரத்தில், திரையில் நிற்பவன் அவன். கேட்பவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவன் உவன். அந்த ஊர்ப் பேச்சில் குழந்தைக்கும் அந்த வித்தியாசம் தெரியும். முந்நூறு தலைகள் முன்பாயை நோக்கித் திரும்பின. பிறகு கூடாரம் சிரிப்பில் குலுங்கியது. அடைக்கலநாதனும் சிரித்தார். பாயில் சற்றுத் தள்ளி இருந்து சிரித்தார்.

கடைசிச் சுருளில் டொக்டர் பிடிபட்டார், சனம் கைதட்டியது. ஆனால் டொக்டர் படப்பெட்டிக்குள் போய்விட்டார். கண் ஊரில் இருந்தது.

பத்தொன்பதாந் திகதி இணுவிலில் ஒரு வீட்டு வளவில் வெண்கலக் குடமொன்று காணாமற் போயிற்று. அங்கே அந்தக் கிழமைதான் அடைக்கலநாதன் வேலி அடைத்திருந்தார். “பயஸ்கோப்பிலையே சொன்னவையெல்லோ” என்று யாரோ சொன்னார்கள். பகிடியாகத்தான் சொன்னார்கள். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது பகிடியாக இருக்கவில்லை. பங்குனி நாலாந் திகதி அந்த வளவுக் கிணற்றைக் கலக்கி இறைத்தபோது குடம் அடியில் கிடந்தது. அதற்குப் பிறகும் ஒருவரும் அடைக்கலநாதனை வேலி அடைக்கக் கூப்பிடவில்லை. வேலி அடைக்கிறவன் வளவுக்குள் வந்து போகிறவன். மழை முடிந்து சித்திரைக்கு முன்னர் வேலி அடைக்கும் காலம் அது. அந்த இரண்டு மாதத்து உழைப்பில்தான் அவர் ஆண்டு முழுவதும் சாப்பிட வேண்டும்.

இதைக் கேள்விப்பட்டபோது தம்பிஐயா தன் மனைவி பத்மாசினியிடம், “வாய் தவறிச் சொன்னதுக்கு உப்பிடியும் ஒரு வினையோ” என்றார்.

பத்மாசினி அரிசி களைந்துகொண்டிருந்தார். “வெள்ளிக்கிழமை நானும் வந்தனான். அப்ப அவன் எண்டுதானே சொன்னனீங்கள்” என்றார்.

பங்குனி பதினைந்தாந் திகதி, சனிக்கிழமை காலை, தம்பிஐயா தன் வளவு வேலியை அடைக்க அடைக்கலநாதனைக் கூப்பிட்டார். இன்னும் ஓராண்டு தாங்கக்கூடிய வேலிதான். அடைக்கலநாதன் வெளியே ஒழுங்கைப் பக்கம் நின்று நீண்ட குத்தூசியைத் தென்னோலைக் கிடுகுக்குள்ளால் செலுத்துவார். தம்பிஐயா உள்ளே நின்று ஊசிக் காதில் கயிற்றைக் கோர்ப்பார். ஊசி திரும்பும், கயிறு இறுகும். நடுவில் கிடுகு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

ஒன்பது மணியளவில் வெளியிலிருந்து குரல் வந்தது.

“அண்ணை, ஒண்டு கேக்கட்டோ?”

“கேளும் அடைக்கலம்.”

“அண்டைக்கு உவன் எண்டனீங்கள். வாய் தவறியோ, தெரிஞ்சோ?”

தம்பிஐயாவின் கண் கிடுகைத் துழாவியது. படிப்பதற்கு அங்கே முகம் இல்லை. “வாய் தவறித்தான்” என்றார்.

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான்” என்றது குரல். அதில் இருந்த ஆறுதல் கிடுகைத் தாண்டி வந்தது. தம்பிஐயா தலையைக் குனிந்துகொண்டார். முன்புறம் அடைத்து முடிந்தது. பின்புறம் அடுத்த சனிக்கு என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் மருதனார்மடச் சந்தையில் தம்பிஐயா மரவள்ளிக்கிழங்கு தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் அடைக்கலநாதன் யாருக்கோ சொல்வது கேட்டது. “அண்ணை பாவம். எழுத்துக் கோக்கிற மனுசன், ஒரு எழுத்து மாறிப்போச்சு. அச்சிலை வாறதில்லையோ, அது மாதிரி.” கேட்டவர் சிரித்து, “அப்ப எங்கடை வேலியையும் ஒருக்கா வந்து பாருமன்” என்றார். தம்பிஐயா கிழங்கை அப்படியே வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அச்சுக்கூடத்தில் பதினெட்டு ஆண்டு வேலை செய்தவர். எழுத்துத் தானாக மாறுவது எப்படி, கை மாற்றுவது எப்படி என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை, பின்வேலியில் மூன்றாவது வரிச்சுக் கம்புக்கு வந்தபோது, அவர் ஊசியைக் கோர்க்காமல் நின்றார்.

“அடைக்கலம், அண்டைக்கு வாய் தவறேல்லை. உம்மைப் பாத்துப்போட்டுத்தான் சொன்னனான். பயம் சனத்துக்குள்ளை இறங்க வேணுமெண்டு சொன்னனான்.”

ஊசி வெளியே இழுபட்டது. கிடுகில் ஓட்டை மட்டும் இருந்தது. ஒழுங்கையால் ஒரு வண்டில் போய் மறைந்தது.

“இண்டைக்குப் பின்னேரம் கூடாரத்திலை எல்லாருக்கும் முன்னாலை இதைச் சொல்லுறன்” என்றார் தம்பிஐயா.

“வேண்டாம்.” குரல் அமைதியாக இருந்தது. “வாய் தவறினது எண்டு நான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டன். மூண்டு வளவு கூப்பிட்டிருக்கு. தெரிஞ்சு சொன்னது எண்டால், படிச்ச மனுசனுக்கே என்ரை முகம் அப்பிடித் தெரிஞ்சிருக்கு எண்டெல்லோ ஆகும். வாய் தவறினதாகவே இருக்கட்டும். ஆரும் கேட்டால் அப்பிடியே சொல்லுங்கோ.”

“நான் எப்பிடிச் சொல்லுறது?”

“எனக்குச் சொன்ன மாதிரித்தான்.”

ஊசி மறுபடி கிடுகுக்குள்ளால் வந்தது. தம்பிஐயா கயிற்று நுனியை நாவில் ஈரப்படுத்திக் கோர்க்கப் பார்த்தார். இரண்டு தரம் தவறியது.

“கோத்தாச்சோ?”

“இன்னும் இல்லை.”

மறுநாள் பிரம்பைக் கனிசியசிடம் கொடுத்துவிட்டார். பிறகு அவர் பயஸ்கோப் பக்கம் போகவில்லை. அடைக்கலநாதன் அந்த ஆண்டு பதினாறு வளவுகளில் வேலி அடைத்தார். கொக்குவிலுக்கு மட்டும் மறுபடி வரவில்லை. தம்பிஐயா இறந்தது நாற்பத்துநாலாம் ஆண்டு ஆவணியில். அதுவரை, பழைய கதை பேசும் ஆக்கள் வீட்டுக்கு வந்து, “அண்டைக்கு உவன் எண்டு சொல்லிச் சனத்தைச் சிரிக்கப் பண்ணினீங்களெல்லோ” என்று கேட்கும்போதெல்லாம் அவர், “ஓம், வாய் தவறிப்போச்சு” என்றே சொல்லிவந்தார். அவர் அதைச் சொல்லத் தொடங்கும்போதே பத்மாசினி எழுந்து குசினிக்குள் போய்விடுவார்.