மேல்பல்லும் கீழுதடும்

தமிழில் எழுதினால் ஃபார்வர்டுக்கும் பேக்வர்டுக்கும் முதலெழுத்து ஒன்றுதான். முன்னால் மூன்று புள்ளி வைத்தால் ஓர் ஒலி, வைக்காவிட்டால் வேறு ஒலி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்துவிட்டு அவற்றின்மேலேயே உட்கார்ந்திருந்த காலத்தில், அந்த மூன்று புள்ளியை என் வாய்க்குள் ஏற்றும் வேலையில் நான் இருந்தேன். நாட்டுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பது அதில்தான் இருந்தது.

நான் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியவன். இதைக் கேட்டு யாரும் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. எங்கள் கல்லூரியில் ஆங்கிலக் கவிதையைத் தமிழில்தான் நடத்தினார்கள். காதலி செத்துப்போகும் கவிதை என்றால், "பொண்ணு பூட்டா, இவன் அழுவுறான், எழுதிக்கோ" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். ஓர் ஆங்கில வாக்கியத்தை ஒரு மனிதர் வாய்திறந்து முழுதாகச் சொல்லி நான் கேட்டதேயில்லை. கண்ணாலேயே படித்துக் கண்ணாலேயே தேறிய பாஷை அது. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் என் பட்டத்துக்கு ஒரே உபயோகம்தான்: பூச்சிமருந்து டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்வது. அதிலும் மண்டையோட்டுப் படம் இருந்ததால் நான் படிப்பதற்கு முன்பே அவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும்.

கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைக்குப் போகும் வழியில், ஓர் அறக்கட்டளை விடுதியோடு பள்ளிக்கூடம் நடத்தியது. அதற்கு ஆங்கில ஆசிரியர் வேண்டுமென்று விளம்பரம் வந்தது. தாளாளர் ராணுவத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். இலக்கியமெல்லாம் கேட்கமாட்டார், பேசச் சொல்வார், உச்சரிப்பைப் பார்ப்பார் என்று பேச்சு. என்னோடு படித்த ஒருவன் எனக்கு முன்பே போய்விட்டு வந்திருந்தான். "மை பாதர் இஸ் எ பார்மர்னு சொன்னேன்டா, அதோட போன்னுட்டாரு" என்றான். அந்த வாக்கியத்தில் என்ன தப்பு என்று நான் வெகுநேரம் யோசித்தேன். இலக்கணப்படி ஒரு குறையும் தெரியவில்லை.

தப்பைக் கண்டுபிடித்தவள் என் தங்கை. கள்ளக்குறிச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் என்னை அத்தை வீட்டு மாமாவின் வெல்ல ஆலையில் சேர்த்துவிடுவதாக அப்பா முடிவு செய்திருந்தார். பட்டம் வாங்கியவன் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று கரும்புச் சாறு கிண்டுவதை ஊர் பார்க்கப்போகிறது என்ற பயத்தில் நான் தங்கையிடம் மாணவனாகச் சேர்ந்தேன்.

அவள் என் முகத்துக்கு நேராக உள்ளங்கையில் கொஞ்சம் உமியை வைத்துக்கொண்டாள்.

"எங்க, ஃபேன் சொல்லு."

"பேன்."

"அது தலையில இருக்கறது. மேல்பல்ல எடுத்துக் கீழ் ஒதட்டு மேல வையி. வச்சிகினே காத்து வுடு. உமி நவுரணும், குதிக்கக் கூடாது."

வைத்தேன். விட்டேன். உமி முழுவதும் அவள் மூக்கில் இருந்தது.

"இன்னாண்ணா, நீ பேசறியா துப்பறியா?"

எனக்கு முன்பல் கொஞ்சம் தூக்கல். அதுவரை எனக்கு அது ஒரு குறை. இந்த எழுத்துக்கு அதுவே வசதி என்று தங்கை தைரியம் சொன்னாள். மாட்டுக்கொட்டகையில் நின்று மாடுகளைப் பார்த்து ஃபைவ், ஃபோர், ஃபைவ், ஃபோர் என்று சொல்லிச் சொல்லிக் கீழுதட்டில் ஒரு தழும்பே விழுந்துவிட்டது. கடைசியில் ஒருநாள் உமி குதிக்காமல், சாதுவாக நகர்ந்தது. அதன் பிறகுதான் சனியன் பிடித்தது. வந்த எழுத்து போகவில்லை. உதடுகள் ஒன்றோடொன்று சேரவேண்டிய இடத்திலெல்லாம் நடுவில் பல் வந்து உட்கார்ந்துகொண்டது. "அம்மா, ஃபழைய சோறு இருக்குதா?" என்று கேட்டேன். அம்மா நேராக அப்பாவிடம் போய், "அவனுக்குப் பல்லு கில்லு வலியா, கேளு" என்றாள்.

அது போதாதென்று மற்றவர்களைத் திருத்தவும் தொடங்கினேன். மாமா ஒருநாள் வீட்டுக்கு வந்து, "கலெக்டர் ஆப்பீசுல மனு குடுக்கப் போயிருந்தேன்" என்றார்.

"ஆப்பீஸ் இல்ல மாமா, ஆஃபீஸ்."

"எதுவா இருந்தா இன்னாடா, உள்ள ஒரே ஆளுதான் ஒக்காந்துகினு இருக்கான். மனுவ வாங்க மாட்டறான்."

மனுவை வாங்காத அந்த வாரத்தில்தான் மாமாவும் மற்றவர்களும் சாலைக்கு வந்தார்கள். எனக்கு நேர்முகத் தேர்வு வைத்த நாளில் ஒரு பஸ்ஸும் ஓடவில்லை. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, செருப்புக்குப் பதில் ஷூ போட்டுக்கொண்டு, சைக்கிளில் கிளம்பினேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதன்மேல் வரிசையாக ஆட்கள். நடுவில் மாமா.

"யார்றா அது, தொரையாட்டம்?" என்றார் ஒருவர்.

"நம்ப பையன். இண்டர்வியூக்குப் போறான்" என்று மாமா எழுந்துவந்தார். "போ மாப்ள. நாங்க இந்த வெயில்ல காயறதே ஒன்ன மாரி பசங்க மேல போறதுக்குத்தான்."

"மேல போறான்னு சொல்லாதய்யா, மலைக்குப் போறான்னு சொல்லு" என்றார் பக்கத்திலிருந்தவர்.

மாமாவே என் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கி மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறக்கினார். என் ஷூவில் மண் படக் கூடாது என்று கிளைகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அடிவாரத்து டீக்கடையில் சைக்கிளைப் போட்டுவிட்டு, மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பின் பின்னால் ஏறிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் உதட்டைக் கடித்து ஃபாதர், ஃபார்மர், ஃபாதர், ஃபார்மர் என்று ஊதிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெண்மணி, நான் வாந்தி எடுக்கப்போகிறேன் என்று நினைத்துக் கூடையை நகர்த்திக்கொண்டார்.

தாளாளரும், தலைமை ஆசிரியையாக இருந்த அவர் மனைவியும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அந்த அறையில் தமிழ் பேசக் கூடாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று தாளாளர் கேட்டார்.

"மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டு, மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தங்குவதற்கு ஓர் அறை தருவதாகவும், குளிருக்குக் கம்பளி கொண்டுவர வேண்டுமென்றும் சொல்லத் தொடங்கிவிட்டார். கொப்பரை என் கண்ணிலிருந்து மறைந்தது. பிறகு, சாலையை அடைத்திருக்கிறார்களே, எப்படி வந்தாய் என்று விசாரித்தார். சைக்கிள் என்றேன். உன்னை மட்டும் எப்படி விட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே, வெறும் பேச்சுவாக்கில் கேட்டார்:

"வாட் ஆர் யூ? ஃபார்வர்டு ஆர் பேக்வர்டு?"

பயிற்சி பெற்ற என் மேல்பல் தயாராக இருந்தது.

"ஃபேக்வர்டு, சார்."

தலைமை ஆசிரியை சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. தாளாளருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"ஃபார்வர்டு! நினைத்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். உச்சரிப்பிலேயே தெரிந்துவிட்டதாம். ரோட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தாங்கள் கேட்பது என்ன என்பதையே ஒழுங்காகச் சொல்ல வராதாம்.

என் முகத்தில் ஒரு சிரிப்பு இருப்பது எனக்குத் தெரிந்தது. அதை யாரும் அங்கே வைக்கச் சொல்லவில்லை. எடுக்கவும் வரவில்லை. அவர் மலையின் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார், நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். குனிந்தபோது ஷூ கண்ணில் பட்டது. மரத்தடியில் கிளைகளை ஒதுக்கிப் பிடித்திருந்தார்கள், அதில் மண்ணே இல்லை.

"நோ சார்" என்றேன். "ஃபேக்வர்டு."

"யெஸ், யெஸ். ஃபார்வர்டு."

"நோ சார். ஃபேக்..."

தலைமை ஆசிரியை பலமாக இருமினார். நான் உதடுகளைக் கையால் பிடித்துச் சேர்த்துவிடலாமா என்று யோசித்தேன். வேறு வழியில்லாமல் என் பாஷைக்கு வந்துவிட்டேன்.

"பிற்பட்ட வகுப்புங்க சார்."

அதில் ப, ப-வாகவே வந்தது.

தாளாளர் கம்பளியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். தகவல் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். வகுப்பைச் சொன்னதற்காகவா, அந்த அறையில் தமிழைப் பேசியதற்காகவா, ஓர் எழுத்தே உருப்படியாக வராதவன் என்பதற்காகவா, எனக்குத் தெரியாது. மூன்றாவதாக இருந்தால் அவர்மேல் குற்றமில்லை. சேலத்துப் பக்கமிருந்து யாரோ ஒருவர் அந்த வேலையில் சேர்ந்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன். நான் கொப்பரைக்குப் போனேன்.

அன்று மலையிலிருந்து திரும்பி வந்தபோது மாமா அதே மரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா கேட்டாங்க மாப்ள?"

சொன்னேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன், சுற்றி இருந்தவர்கள் காதில் விழும்படியே.

"ஃபார்வர்டுன்னு நெனச்சிக்கினாரு மாமா."

"நீ இல்லன்னு சொல்லலியா?"

"சொன்னேன். ஒடனே சொல்லல."

மாமா மரப்பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். "அதுவரிக்கும் இன்னாடா பண்ண?"

"சிரிச்சிகினு இருந்தேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உரித்த பட்டையைக் கீழே போட்டுவிட்டு, "அந்த எழுத்து அவ்ளோ கஷ்டமா? எங்க, எப்படின்னு காட்டு" என்றார்.

"மேல்பல்லக் கீழ் ஒதட்டு மேல வச்சி ஊதணும் மாமா."

"எனக்குத்தான் மேல்பல்லே இல்லியே. நான் சாவற வரிக்கும் பேக்வர்டுதான்."

மரம் முழுவதும் சிரித்தது. பல் இருந்தவர்கள் முயன்று பார்க்கத் தொடங்கினார்கள். வரிசையாக உட்கார்ந்து உதட்டைக் கடித்து ஊதினார்கள். ஒருவருக்கு விசில் வந்தது. ஒருவர் பக்கத்தில் இருந்தவர்மேல் எச்சிலைத் தெளித்து வசவு வாங்கினார். அந்த நேரம் பார்த்துப் போலீஸ் ஜீப் வந்து நின்றது. இறங்கிய ஏட்டு அந்தக் காட்சியைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"இன்னாய்யா, எல்லாம் ஒதட்டக் கடிச்சிகினு இருக்கீங்க? அடிக்கப் போறீங்களா?"

"இல்லீங்க சார்" என்றார் மாமா. "இங்கிலீசு."

ஏட்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் எல்லோரும் மறுபடி ஊத ஆரம்பித்தார்கள். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். உதட்டோடு உதடு, நடுவில் பல் இல்லாமல், இறுக்கமாக மூடியிருந்தது. மலைமேல், அந்த மேசைக்கு முன்னால் நான் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அது அப்படி மூடியிருந்திருக்க வேண்டும்.