முறை மாறிய இரத்தம்

எனக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, அக்கா மகளுக்கும் எனக்கும் தாம்பூலம் மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. புளி உலுக்கும் காலம். மரத்தில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது, ஈறில் இரத்தம் கசிந்தது. மாப்பிள்ளை முறுக்கில் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறேன் என்று கேலி செய்தார்கள். நானும் அப்படித்தானோ என்று நினைத்துக்கொண்டேன். என் உடம்பைப் பற்றி எனக்கு எப்போதும் அடுத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மலையிலிருந்து படவேடு வரை நடந்து இறங்கி, பஸ் ஏறி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்தத்தை உண்டாக்குகிறது, உன்னுடையது கெட்டுவிட்டது என்றார் டாக்டர். கடுமையான மருந்து கொடுத்து அதை அடியோடு அழித்துவிட்டு, கூடப் பிறந்தவரின் மஜ்ஜையை ஏற்ற வேண்டுமாம். எங்கள் பக்கம் அதுவரை யாரும் கேள்விப்படாத வைத்தியம். அக்காவுடையது பொருந்தியது. கடைசியாக, "இந்த மருந்துக்கு அப்புறம் உங்களுக்குக் குழந்தை பிறக்கிறது கஷ்டம்" என்றார். தலையாட்டினேன். உயிர் ஊசலாடும்போது பிள்ளையைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் எலும்பை எல்லாம் பிளந்து உள்ளே எதையோ வைப்பார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அக்காவுக்குத்தான் மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை எடுத்தார்கள். எனக்கு வந்தது ஒரு சிவப்புப் பை. குளுக்கோஸ் ஏற்றுவதைப் போல அது சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"இவ்ளோதானா சிஸ்டர்?" என்றேன்.

"இனிமேதான் இருக்கு" என்றார் நர்ஸ்.

இருந்தது. வாயெல்லாம் புண், காய்ச்சல், தலையில் ஒரு முடி இல்லை. தனி அறையில், முகத்தைத் துணியால் மூடியவர்கள் வந்து போனார்கள். எது கனவு, எது நடந்தது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணாடிக்கு வெளியே அக்கா நின்று கையசைத்தது மட்டும் நிஜம்.

பல மாதம் கழித்து இரத்தம் சோதித்தார்கள். முன்பு ஏ வகையாக இருந்த நான் இப்போது ஓ வகை. "உங்க உடம்புல ஓடுறது இப்ப உங்க அக்கா ரத்தம்" என்று டாக்டர் கையைக் குலுக்கினார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவனைப் போல, புது இரத்த வகை எழுதிய அட்டையை ஊரெல்லாம் காட்டினேன். என்னை விட முட்டாள் அந்த மலையில் கிடையாது.

சாமை அறுத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "ஒடம்புல அக்கா ரத்தம் ஓடுதுன்னா, அவ மவ ஒனக்கும் மவதான? கட்டிக்கிறது எப்பிடி?" எல்லாரும் சிரித்தோம். ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றது. எங்களுக்குக் கல்யாணத்தில் முறைதான் முதல், மற்றதெல்லாம் பிறகு. முறை தப்பினால் ஊரே தப்பிய மாதிரி.

அக்கா வீட்டு வாசலில் ஊர் கூடியது. ஊர்ப் பெரியவர் நல்ல மனிதர். நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

"தாலிக் கவுரு கட்டுற கையில பொண்ணப் பெத்தவ ரத்தம் ஓடுதே. இது இன்னா முறைன்னு நான் சொல்லட்டும்?"

அக்கா எழுந்து கத்தினாள். "எரும பாலு குடிச்சி வளந்தோம், எருமைக்குக் கன்னு ஆயிட்டமா பெரியப்பா?"

கூட்டம் சிரித்தது. பெரியவரும் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லுடா. டாக்டரு இன்னா சொன்னாரு?"

இதை நான் டாக்டரிடம் கேட்டிருந்தேன். இரத்தம் மாறலாம், உறவு மாறாது, தாராளமாகக் கட்டிக்கொள் என்று அவர் சிரித்திருந்தார். அதைச் சொன்னால் போதும், கல்யாணம் நடந்துவிடும். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். பிள்ளை பெற வழியில்லாதவனுக்கு அவள் எதற்கு என்று ஒரு நினைப்பு. அந்த உண்மையைச் சொன்னால் அவளே வேண்டாம் என்றுவிடுவாளோ என்று இன்னொரு பயம். இரண்டில் எது பெரியது என்று அன்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

"எனுக்கு ஒன்னும் புரியலீங்க" என்றேன்.

கல்யாணம் வேண்டாம் என்று முடிவானது. அக்கா என்னோடு பேச்சை நிறுத்தினாள். அடுத்த வருஷமே பெண்ணைக் கண்ணமங்கலத்தில் கொடுத்தார்கள். தாய்மாமன் சீர் நான்தான் செய்தேன். மணவறையில் அவள் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து நான்காம் நாள், களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் போய், டாக்டர் சொன்ன இரண்டையும் சொன்னேன். உறவு மாறாது என்பதையும், எனக்குப் பிள்ளை பிறக்காது என்பதையும். அவள் மகள் நல்லா இருக்கட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்தது. ஏதோ தியாகம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"புள்ள பொறக்காதுன்னு எனுக்கும் தெரியும்டா. மஜ்ஜ எடுக்கறதுக்கு முன்னாடியே என்னைக் கூப்ட்டுச் சொல்லிட்டாங்க."

முறத்தை மறுபடியும் கையில் எடுத்தாள்.

"அப்பவே அவகிட்டயும் சொன்னேன். பரவால்லம்மா, மாமா உசுரோட வந்தா போதும்னா. ஊரு கூடுன அன்னிக்குக் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுக்கினு இருந்தா, நீ இன்னா சொல்லப் போறன்னு."