பத்தாம் எண்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது பட்டப்பகலில், என் வீட்டில், என் கண் முன்னால் நடந்தது.

என் வீடு என்றா சொன்னேன்? என் மனைவியின் வீடு. அவளுடைய முதல் கணவர் இறந்து மூன்று வருடம் கழித்து நாங்கள் திருமணம் செய்துகொண்டோம். மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் அந்த மனுஷன் அமைத்த நெட்வொர்க் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. எல்லா அறைக்கும் கேபிள், அந்தக் கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டி, படங்களையும் கோப்புகளையும் சேமிக்க ஒரு சர்வர். ஒவ்வொரு கேபிளிலும் மணிமணியான கையெழுத்தில் ஒரு சீட்டு. கதவின் உள்பக்கம், எந்தக் கருவிக்கு எந்த எண் என்று ஒரு பட்டியல். நானும் ஆபீஸில் இதே வேலைதான் பார்க்கிறேன். இவ்வளவு சுத்தமாக எனக்கு வராது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

"அதை மட்டும் விட்டுடுங்களேன். அது பாட்டுக்கு ஓடுது," என்பாள் மனைவி.

அதை மட்டுமாம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். காலை 10.15. பழைய சர்வரைக் கழற்றித் தரையில் வைத்தேன். அதில் ஒரு வயர்கூட இல்லை. புது சுவிட்ச், புது சர்வர் மாட்டினேன். பட்டியலில் பழைய சர்வரின் எண் பத்து. வேண்டுமென்றே அதே பத்தை என் சர்வருக்குக் கொடுத்தேன். இனி அந்த இடம் என்னுடையது. சின்னப்பிள்ளைத்தனம்தான், ஆனாலும் மனசு குளிர்ந்தது. எங்கள் கல்யாணப் படங்கள் 412-ஐயும் அதில் ஏற்றினேன்.

11.40. சர்வரின் திரையில் ஓர் எச்சரிக்கை. பத்தாம் எண்ணை வேறொரு கருவியும் பயன்படுத்துகிறது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதே எண்ணோடு இன்னொரு கருவி ஓடிக்கொண்டிருந்தால்தான் அது வரும்.

சுவிட்சைப் பார்த்தேன். ஒரு கேபிளுக்கு ஒரு விளக்கு எரியும். நான் சொருகியது மூன்று கேபிள். எரிந்தது நான்கு விளக்கு.

டிக்... டிக்... டிக்...

சத்தம் தரையிலிருந்து வந்தது. பழைய சர்வரைத் தொட்டேன். சுட்டது.

11.46. திரையில் படங்களின் எண்ணிக்கை... 412. 411. 410...

சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கினேன். மூன்று விளக்குகள் அணைந்தன.

நான்காவது அணையவில்லை.

209... 80... 12...

"நிறுத்துங்க!"

யாரிடம் கத்தினேன்?

பூஜ்யம்.

பிறகு... 1. 2. 3...

12.10-க்கு 412-இல் நின்றது. முதல் படத்தைத் திறந்தேன். கல்யாண உடையில் என் மனைவி. பக்கத்தில் நான் இல்லை. அவர். அடுத்த படத்திலும் அவர். எல்லாவற்றிலும் அவள் சிரித்தாள். என்னோடு ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

பயத்தைவிட அதுதான் சுட்டது.

மாலையில் அவள் வந்ததும் திரையைக் காட்டினேன்.

"பழைய சர்வர்ல இருந்ததா?" என்று கேட்டேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்காதுங்க. இந்தப் படமெல்லாம் ஒரே ஒரு டிஸ்க்லதான் இருந்துச்சு. அவர் போன அன்னைக்கு அதைக் கழட்டி, அவர் நெஞ்சு மேல வச்சு அனுப்பிட்டேன்."

பழைய சர்வரின் மூடியைத் திறந்தேன். படங்களுக்கான டிஸ்க் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. பல வருடத் தூசி.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அழிச்சுடாதீங்க," என்றாள்.

என் சர்வரின் எண் இப்போது பதினொன்று.